வானத்தைப் பார்க்கும் வேலை

பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் என் ஸ்டுடியோ இருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேலாகக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மண்டபத்தில் என் சத்தம் மேளத்தை மிஞ்சும் என்று சமையல்காரர்கள் கேலி பேசுவார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பாவையே "தள்ளி நில்லுங்க சார், வெளிச்சத்த மறைக்கிறீங்க" என்று அதட்டியிருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கு இப்போது இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டு வானத்தைப் பார்ப்பது.

வேடிக்கையாகச் சொல்லவில்லை. எங்களிடம் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ட்ரோன் ஒன்று இருக்கிறது. அதைப் பறக்க விடுகிறவள் என் மனைவி. பறக்க விடுகிறவர் ரிமோட்டில் மாட்டிய செல்போன் திரையைப் பார்த்தபடி இருப்பார். ட்ரோன் எதைப் பார்க்கிறதோ அது மட்டும்தான் அவருக்குத் தெரியும். அதற்குப் பின்னால் கரண்டு கம்பி இருக்கிறதா, பக்கத்தில் தென்னை மட்டை ஆடுகிறதா, காக்கை வருகிறதா என்பது தெரியாது. அதற்காக இன்னொருவர் கூடவே நின்று, கண்ணை எடுக்காமல் ட்ரோனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆபத்து எதுவும் தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். அந்த இன்னொருவர் நான்.

இந்தப் பதவி எனக்கு எப்படிக் கிடைத்தது என்றால், நான் பறக்க விட்ட லட்சணத்தால்தான்.

ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் ஆல்பத்தைப் புரட்டுவதற்கு முன்பே "ட்ரோன் இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்த காலம். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெறுத்துப்போய், ஒன்றை வாங்கிவிட்டேன். கடைக்காரர் தெளிவாகத்தான் சொன்னார்: "இருநூத்தி நாப்பத்தொம்போது கிராம் சார். இருநூத்தம்பதுக்குள்ள இருக்கு. பைலட் லைசென்ஸ் எதுவும் வேணாம்." நான் அதை, என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று கேட்டுக்கொண்டேன். எனக்கு வேண்டியதை மட்டும் கேட்கும் காது எனக்கு.

என் மனைவி பதினொரு வருஷமாக ஒரு மெடிக்கல் ஷாப்பில் மருந்தாளுநர். மாத்திரை டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் துண்டுக் காகிதத்தை நம்மில் யாரும் பிரித்ததில்லை. அவள் முழுதாகப் படிப்பவள். ட்ரோன் டப்பாவுக்குள் இருந்ததையும் படித்தாள். அதோடு விடாமல் அரசாங்க இணையதளத்துக்குப் போய் விதிகளைப் படித்தாள். இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் எனக்கு வகுப்பு நடந்தது.

"இத நம்ம பேர்ல பதிவு பண்ணணும். நம்பர் தருவாங்க, அத மெஷின்ல ஒட்டணும்."

"அதான் லைசென்ஸே வேணாம்னுட்டான்ல?"

"லைசென்ஸ் வேணாம்னுதான் போட்டுருக்கு. பொறுப்பும் வேணாம்னு எங்கயும் போடலயே."

அதற்குமேல் நான் ரசம் ஊற்றிக்கொண்டேன். அவளே பதிவு செய்தாள், நம்பரை வாங்கினாள், பொடி எழுத்தில் அச்சடித்து ட்ரோனின் முதுகில் ஒட்டினாள். இவ்வளவு சின்ன சாமானுக்கு மோட்டார் பைக் மாதிரி நம்பரா என்று நான் சிரித்தேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. வருஷா வருஷம் ஸ்டுடியோவில் கேமரா, லென்ஸ், விளக்கு, பிரிண்டர் எல்லாவற்றையும் துடைத்து அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துப் படைப்பது என் கை வேலை. அந்த வருஷம் ட்ரோன்தான் புதுசு. விட்டுவிடுவேனா? முதுகில் ஒரு பொட்டு, நாலு கையிலும் நாலு பொட்டு, வயிற்றில் இரண்டு கண்ணாடி மாதிரி இருந்த இடத்தில் அழகாக இரண்டு பொட்டு. ஒரு முழம் கதம்பம் சுற்றினேன். திருஷ்டிக்கு ஒரு சின்ன எலுமிச்சம்பழத்தையும் அடியில் கட்டினேன். பார்த்தவர்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் காலை, பூவையும் பழத்தையும் அவிழ்த்துவிட்டு, சந்தனத்தை மட்டும் அப்படியே விட்டு, செட்டிகுளம் போகிற சாலையில் சின்ன வெங்காயம் போட்டிருந்த ஒரு தெரிந்தவர் வயலில் பறக்க விட்டுப் பார்த்தேன். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கத்தான் மாட்டேன் என்றது. முழங்கால் உயரத்துக்கு வரும், தயங்கும், திரும்ப ஏறும். வயிற்றில் இருந்தது தரையைப் பார்க்கும் கண் என்பதும், அந்தக் கண்ணில்தான் நான் சந்தனத்தை அப்பியிருந்தேன் என்பதும் எனக்குத் தெரியாது. அதன் பின்னால் நான் ஓட, வரப்பில் கால் இடற, அது பக்கத்து மக்காச்சோளக் கொல்லைக்குள் போய் விழுந்தது. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இருபது அடி இந்தப் பக்கம் வந்திருந்தால் அவர்களில் ஒருத்தியின் தலையில் விழுந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து, இறக்கை ஒன்று உடைந்ததை மட்டும் சொன்னேன். அவள் ட்ரோனைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மெடிக்கலுக்குப் பக்கத்தில் நாட்டு மருந்துக் கடை. கடுக்காயும் சித்தரத்தையும் நிறுக்கிற எலெக்ட்ரானிக் தராசை அங்கிருந்து கேட்டு வாங்கி வந்தாள். புது இறக்கையை மாட்டி, சந்தனத்தோடு நிறுத்தாள். பிறகு அந்தக் கதம்பத்தையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்து நிறுத்தாள்.

"பாத்தீங்களா? சந்தனத்தோடயே இருநூத்தம்பதத் தாண்டிருச்சு. அப்ப இது வேற வகையில சேந்துடும். நம்ம தொழிலுக்கு அத ஓட்டணும்னா லைசென்ஸ் வேணும். நீங்க பொட்டு வச்சு அத வேற மெஷினாக்கிட்டீங்க."

எனக்குக் கோபம் வந்தது. சாமிக்கு வைத்த சந்தனத்தை ஒருத்தி தராசில் போட்டு நிறுத்தால் வராதா? கத்தினேன். அவள் காது குடையும் பஞ்சை எடுத்து, ஒவ்வொரு பொட்டாகத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்து முடித்து, ட்ரோன் வைக்கும் பெட்டியின் மூடியில் பெரிதாகச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தாள். "பொட்டிக்கு எவ்ளோ வேணா வைங்க. அது பறக்காது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றோடு ரிமோட் கை மாறியது.

அவளோடு நின்று பார்த்த பிறகுதான் இந்த வேலையின் அருமை எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு ஆர்டருக்கும் முந்தின நாளே இணையத்தில் வரைபடத்தைத் திறந்து, போகிற ஊர் தடை இல்லாத பச்சையில் இருக்கிறதா, அனுமதி வேண்டிய மஞ்சளா, பறக்கவே கூடாத சிவப்பா என்று பார்ப்பாள். நேற்றுப் பார்த்த ஊராக இருந்தாலும் இன்றைக்கும் பார்ப்பாள். உள்ளூர் காவல் நிலையத்துக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவாள். முதல் தடவை போனபோது அங்கிருந்த சார் ட்ரோனைக் கையில் வாங்கி, "இவ்ளோண்டுக்காம்மா வந்தீங்க?" என்று கேட்டாராம். "இவ்ளோண்டுதான் சார், ஆனா மேலருந்து வுழுந்தா இவ்ளோண்டா இருக்காது" என்று இவள் சொன்னாளாம். அவர் அவளை உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

அவளால் ஆர்டரும் போயிருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் விமானத்தைச் சுற்றித் தங்கள் கல்யாணப் படம் வேண்டும் என்று ஒரு ஜோடி வந்தது. பாதுகாக்கப்பட்ட இடம், அனுமதி இல்லாமல் முடியாது என்று இவள் சொன்னாள். "எல்லாரும் எடுக்கறாங்களே அக்கா" என்றார்கள். "எடுக்கறாங்க. நான் எடுக்கமாட்டேன்" என்றாள். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். இரண்டு நாள் நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் பாட்டுக்கு எனக்குத் தோசை சுட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

எங்களுக்குள் சில ஏற்பாடுகளும் உண்டு. எல்லாம் அவள் போட்டதுதான். அவள் பறக்க விடும்போது அவளிடம் யாரும் பேசக் கூடாது. நான் மட்டும் பேசலாம். நானும் கதை பேசக் கூடாது. என்ன தெரிகிறது, எந்தப் பக்கம், அவ்வளவுதான். கம்பி, இடது. ஆள், கீழே. பறவை, மேலே. "பாத்த ஒடனே சொல்லிடணும். அது ஆபத்தா இல்லயான்னு நீங்க யோசிக்காதீங்க. யோசிக்கறது என் வேல" என்பாள். ஒவ்வொரு தடவையும் இறக்கிய பிறகு ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். எந்த ஊர், எத்தனை மணி, காற்று எப்படி, பார்த்தது யார், என்ன நடந்தது. இந்த நோட்டை எவன் கேட்கப்போகிறான் என்று நான் கேட்டிருக்கிறேன். யாரும் கேட்காவிட்டாலும் தான் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பாள்.

இப்போது அந்தக் கும்பாபிஷேகத்துக்கு வருகிறேன்.

என் மனைவி பிறந்தது உடையார்பாளையத்துக்கு அந்தப் பக்கம், சுற்றிலும் முந்திரிக் காடாக இருக்கும் ஒரு ஊர். அவர்கள் தெருவில் இரண்டு தலைமுறைக்கு முன்பு எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். இன்று கொத்தனார், எலெக்ட்ரீஷியன், சிமெண்ட் லாரி டிரைவர், நர்ஸ் என்று ஆளுக்கு ஒரு தொழில். அந்தத் தெரு ஜனங்கள் சேர்ந்து தங்கள் மாரியம்மனுக்கு, ஓலைக் கொட்டகை இருந்த இடத்தில், கல்லும் செங்கல்லுமாக ஒரு கோயில் கட்டினார்கள். என் மனைவியின் தம்பி கொத்தனார். கருவறைச் சுவரிலிருந்து விமானத்தின் கழுத்து வரைக்கும் அவன் கை வைத்துக் கட்டியது. அந்த நேரம் பார்த்து அவனுக்குக் குவைத் விசா வந்துவிட்டது. மிச்சத்தை மற்றவர்கள் முடித்தார்கள். உச்சியில் கலசம் ஏறியதை அவன் கண்ணால் பார்க்கவில்லை.

கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்ததும் அவன் லீவு கேட்டுப் பார்த்தான். கிடைக்கவில்லை. போனில் அக்காவிடம் அழாத குறையாகச் சொன்னான்: "கழுத்து வரைக்கும் நான் கட்டுனேன் அக்கா. அது உச்சில தண்ணி ஊத்தறத மட்டும் எனக்குக் காட்டிடு. கீழருந்து எடுத்தா சாரம் மறைக்கும். மேலருந்து காட்டு." ட்ரோன் பார்ப்பதை அப்படியே போனுக்கு அனுப்பலாம். அவன் தங்கியிருந்த அறையில் டிவியில் போட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. அதே ஊர் ஆட்கள் எட்டுப் பேர் சேர்ந்து உட்காருவதாகச் சொன்னான். "காட்டறேன்டா" என்று இவள் வாக்குக் கொடுத்தாள். இவள் யாருக்கும் லேசில் வாக்குக் கொடுப்பவள் இல்லை.

விழாக் கமிட்டிக்காரர்கள் எங்களைக் கண்டதும் தங்கள் ஆசைகளைச் சொல்ல ஆரம்பித்தார்கள். கூட்டத்துக்கு மேலே தாழப் பறக்க வேண்டும், ஜனங்கள் கையாட்ட வேண்டும், கலசத்தின் மேல் ட்ரோன் பூத் தூவ வேண்டும். இவள் ஒவ்வொன்றுக்கும் முடியாது என்றாள்.

"பூ தானம்மா? பூவு என்ன கனம்?"

"பூவா இருந்தாலும் மேலருந்து எதையும் போடமாட்டேங்க சித்தப்பா. ஜனங்க தலைக்கு மேலயும் ஓட்டமாட்டேன். மெஷின் எப்ப நிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"நம்ம ஊரு பொண்ணு, இப்படிக் கறாராப் பேசறியே."

"நம்ம ஊருங்கறதாலதான் பேசறேன். கீழ நிக்கறது பூரா எங்க சனங்கதானே."

அவள் பிறந்த ஊரில், அவளைத் தூக்கி வளர்த்தவர்கள் முன்னால் அவள் அப்படி நின்று பேசியதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. நானாக இருந்தால் கத்தியிருப்பேன், அல்லது சரி என்றிருப்பேன். அவள் இரண்டும் செய்யவில்லை. கோயிலுக்குக் கிழக்கே அறுவடை முடிந்து வெறுமனே கிடந்த கொல்லை ஒன்றைக் கேட்டு வாங்கினாள். அதைச் சுற்றிக் கயிறு கட்டி, உள்ளே யாரும் வராதபடி இரண்டு பெரியம்மாக்களைக் காவலுக்கு உட்கார வைத்தாள். ட்ரோன் அந்தக் கொல்லைக்கு மேலேயே நிற்கும். அங்கிருந்தே விமானத்தின் உச்சி தெரியும். நடுவில் ஒரு ஆள் தலையும் இருக்காது. விடிந்ததும், கூட்டம் சேர்வதற்கு முன்பே ஒருமுறை பறக்க விட்டு, எந்த உயரத்தில் சாரம் மறைக்காமல் கலசம் தெரிகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டாள். ஸ்டில் எடுக்க அரியலூரிலிருந்து இன்னொரு போட்டோகிராபரை அமர்த்திவிட்டேன். என் கழுத்தில் அன்று கேமரா இல்லை. என் வேலை வானம்.

காலை ஒன்பது மணிக்கு மேல் யாகசாலையிலிருந்து கடங்கள் புறப்பட்டன. மேளம், வேட்டு, ஒலிபெருக்கி. தெருவே கோயிலைச் சுற்றி நின்றது. குருக்கள் தலையில் குடத்தோடு சாரத்தில் ஏற ஆரம்பித்ததும், இவள் மஞ்சள் விரிப்பின் மேல் வைத்திருந்த ட்ரோனை எழுப்பினாள். குவைத்துக்குப் படம் போய்க்கொண்டிருந்தது. "தெரியுது அக்கா, தெரியுது" என்று என் போனுக்குச் செய்தி வந்ததை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அவளிடம் வேறு பேச்சுப் பேசக் கூடாதே.

எங்கள் பக்கத்துக் கும்பாபிஷேகங்களில் எல்லாருக்கும் ஒரு எதிர்பார்ப்பு உண்டு. கலசத்தில் நீர் ஊற்றும் நேரத்தில் கருடன் வந்து வட்டமிட வேண்டும். அது வந்தால்தான் மனசு நிறையும். பச்சைக் கொடியோடு ஒருவர் சாரத்தின் மேல் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆயிரம் பேர் அண்ணாந்து பார்ப்பார்கள்.

ஆனால் அன்று முதலில் பார்த்தது நான்தான். கொடிக்காரர் உட்பட எல்லாரும் கலசத்துக்கு நேர் மேலே பார்த்திருக்க, ட்ரோனைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றது நான் மட்டும்தான். ஏரிக்கரைப் பக்கத்துப் பனை மரங்களுக்கு மேலே ஒரு புள்ளி. பிறகு செம்பழுப்பு இறக்கை, வெள்ளைக் கழுத்து. கருடனேதான். அகலமாக ஒரு வட்டம் போட்டது. அடுத்த வட்டம் எங்கள் கொல்லைப் பக்கம் சரிந்தது.

நான் சொல்லியிருக்க வேண்டும். "பறவை" என்ற ஒரு வார்த்தை. நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அவள் இறக்கிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். குருக்கள் குடத்தைத் தூக்கிவிட்டார். இன்னும் கொஞ்ச நேரம். அங்கே எட்டுப் பேர் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். கழுத்து வரைக்கும் கட்டியவன் உட்கார்ந்திருக்கிறான். கருடன் சாமிப் பறவை, அது நம்மை என்ன செய்யும், சுற்றிவிட்டுப் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அது போகவில்லை. அதன் வானத்தில் புதிதாக ஏதோ ஒன்று இரைச்சலோடு நிற்பதை அது பார்த்துவிட்டது. இறக்கையைக் கொஞ்சம் ஒடுக்கி நேராக ட்ரோனை நோக்கி வந்தது.

"பறவை! வலது, மேல!" என்று கத்தினேன்.

"எங்கே" என்று அவள் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்க்கவில்லை. ட்ரோனைப் பறவைக்கு எதிர்ப் பக்கமாக நகர்த்தி, சரசரவென்று இறக்கிவிட்டாள். கருடன் அது இருந்த இடத்தை உரசினாற்போலத் தாண்டி மேலே ஏறியது. ட்ரோன் விரிப்பில் உட்காரவும், கூட்டம் கருடனைப் பார்க்கவும் சரியாக இருந்தது. "கருடன்! கருடன்!" என்று ஆயிரம் கைகள் தலைக்கு மேல் போயின. பச்சைக் கொடி ஆடியது. "ஓம் சக்தி! பராசக்தி!" குருக்கள் நீரை ஊற்றினார். கருடன் கலசத்துக்கு நேர் மேலே, யாருடைய தொந்தரவும் இல்லாமல், நிதானமாக மூன்று சுற்றுச் சுற்றியது.

குவைத்தில் டிவியில் அந்த நேரம் என்ன தெரிந்திருக்கும்? கொல்லையில் அறுத்துப்போட்ட கட்டைத் தாளும், தூரத்தில் கயிற்றுக்கு அப்பால் நிற்கிற ஜனங்களின் கால்களும் முதுகுகளும்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒரு நிமிஷம் நிறுத்தி வச்சிருந்தா என்ன? ஒரே ஒரு நிமிஷம்! ஒந்தம்பிக்காகக்கூட முடியாதா உன்னால?"

"நீங்க பறவைன்னு சொன்னீங்க."

"சொன்னேன். அதுக்காக?"

"சொன்னா எறக்கணும், அதானே பேச்சு? வெயில்ல எனக்குத் திரையில கலசத்தத் தவிர ஒண்ணும் தெரியல. நீங்க சொன்னீங்க, எறக்கிட்டேன்." அவள் குரல் உடைந்தது. "அவன் பாக்கணும்னு எனக்கு மட்டும் இல்லயா?" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பம்பு வைத்துத் தெளித்த தீர்த்தம் எங்கள் மேலும் கொஞ்சம் பட்டது.

மத்தியானம் அன்னதானப் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குவைத்திலிருந்து போன் வந்தது. அவளுக்கு எடுக்கத் துணிவில்லை. நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, நீங்க அக்காவத் திட்டுனது பூரா இங்க கேட்டுச்சு. போன்ல சத்தத்த நிறுத்தவே இல்ல நீங்க. எட்டுப் பேரும் கேட்டோம்."

பிசைந்த சோற்றை நான் இலையிலேயே வைத்தேன். அவன் சிரித்தான்.

"தண்ணி ஊத்தறத எனக்குக் காட்ட முடியல அக்கா, பரவால்ல. வருத்தந்தான், இல்லங்கல. ஆனா கருடன் வந்துச்சுல்ல? அது வர நேரத்துல நம்ம மெஷின் குறுக்க நின்னு அது திரும்பிப் போயிருந்தா, காலத்துக்கும் ஊரு என்ன பேசியிருக்கும்? நான் கட்டுன கோயிலுக்குக் கருடனே வரலன்னு சொல்லியிருப்பாங்க. நீ வழி விட்டியே, அது போதும் எனக்கு. ரூம்ல எல்லார்ட்டயும் எங்க அக்கான்னு சொல்லிக்கிட்டிருக்கேன்." பிறகு கொஞ்சம் பெருமையாகச் சொன்னான்: "இன்னொண்ணு தெரியுமா? கூட்டத்துக்கு முன்னாடி கருடனப் பாத்தது நான்தான். திரை ஓரத்துல ஒரு தடவ போச்சு. திரும்பவும் வந்துச்சு. மாமா பறவைன்னு கத்தறதுக்கு ரொம்ப முன்னாடியே பாத்துட்டேன் நான்."

அவன் ஒன்றும் குத்திக் காட்டவில்லை. சந்தோஷத்தில் சொன்னான். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் இலையைப் பார்த்தேன்.

சாயங்காலம் பெரம்பலூருக்குத் திரும்பியதும், வழக்கம்போல நோட்டை எடுத்தாள். ஊர், நேரம், காற்று எல்லாம் எழுதினாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். "பறவை குறுக்கே வந்தது. பார்ப்பவர் சொன்னதும் இறக்கப்பட்டது" என்று எழுதிவிட்டு, பேனாவை வைக்காமல் கேட்டாள்.

"எப்ப பாத்தீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். அவள் அதையும் அப்படியே எழுதியிருப்பாள். காலையில் என் வார்த்தையை நம்பி இறக்கியதுபோல. அந்த நினைப்புதான் என்னைச் சுட்டது.

"மொத சுத்துலயே பாத்துட்டேன். தண்ணி ஊத்தற வரைக்கும் சொல்ல வேணாம்னு நின்னுட்டேன். நான் செஞ்ச தப்புக்கு ஒன்னப் போட்டுக் கத்துனேன்."

அவள் திட்டவில்லை. நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளி, பேனாவைக் கொடுத்தாள். "அப்ப நீங்களே எழுதுங்க." என் கோழிக் கிறுக்கலில் எழுதினேன்: "முன்பே பார்த்தேன். தாமதமாகச் சொன்னேன்." எழுதிவிட்டு, இனிமேல் வேறு ஆளை வைத்துக்கொள் என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

"எதுக்கு? தப்பத் தானே எழுதுன ஆளு அடுத்த தடவ சீக்கிரம் சொல்லுவாரு" என்றாள். நோட்டை மூடி வைத்துவிட்டு, ட்ரோன் பேட்டரியை எடுக்கப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் போகிற வழியில் ஒரு நிச்சயதார்த்தம். பெண் வீட்டுக் களத்தில் கயிறு கட்டி, விரிப்பைப் போட்டாள். "நீங்க வானத்தப் பாருங்க" என்று சொல்லிவிட்டு ரிமோட்டைக் கையில் எடுத்தாள். நான் அண்ணாந்து நின்றேன். பின்னாலிருந்து யாரோ "காபி சாப்பிடுங்க" என்றார்கள். மரியாதைக்குக்கூடத் திரும்பவில்லை. வேப்ப மரத்துக்கு அப்பால், வெகு தூரத்தில் கறுப்பாக ஒன்று அசைந்தது.

"பறவை, இடது" என்றேன்.

ட்ரோன் இறங்கியது. மாப்பிள்ளை வீட்டார் அப்போதுதான் தட்டுகளோடு காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா ஓடி வந்தார்.

"ஏங்க, காக்காதானங்க அது? காக்காவுக்கெல்லாமா எறக்குவீங்க?"

"ஆமாங்க," என்றேன், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "காக்காவுக்கும்தான்."